ஏழு மாதம் இளையவன்

ஆல்வின் என் சித்தப்பா மகன். என்னைவிட ஏழு மாதம் இளையவன். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் அரசுப் பேருந்தில் கண்டக்டர். ஒப்பந்த வேலைதான், இன்னும் நிரந்தரமாகவில்லை. இந்தக் கடைசி வாக்கியத்தை நான் எழுதாமல் விட்டிருக்கலாம். ஆனால் யாரிடம் அவனைப் பற்றிப் பேசினாலும் என் வாய் அதைச் சேர்த்துத்தான் சொல்கிறது.

பங்காளிக் காய்ச்சல் என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். அண்ணன் தம்பி பிள்ளைகளுக்குள் வருவது. எனக்கு அது ஏழாம் வகுப்பில் வந்தது. இன்னும் முழுதாக இறங்கவில்லை.

எங்கள் வீடுகள் படாளத்தை ஒட்டிய கிராமத்தில், ஒரே சுவரைப் பங்குபோட்டுக்கொண்டு நிற்பவை. தாத்தா காலம்வரை அடுத்தவர் நிலத்தில் நாற்று நட்டவர்கள். என் நைனா அப்பாசாமி சர்க்கரை ஆலையில் கரும்பு இறக்கினார். சித்தப்பா சின்னையன் கொத்தனார். இரண்டு வீட்டிலும் சேர்த்து, ஏன், அந்தத் தெருவிலேயே முதலில் பட்டம் வாங்கியவன் நான். பி.இ. மெக்கானிக்கல். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் குவாலிட்டி பிரிவில் இருக்கிறேன். கம்பெனி பஸ் ஊர் முனைக்கே வந்து என்னை ஏற்றிக்கொண்டு போகிறது. இதையெல்லாம் நானே சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஆல்வினைப் பற்றியென்றால் மற்றவர்கள் சொல்வார்கள்.

பிளஸ் டூ முடிவு வந்த நாளில் எனக்கு ஆயிரத்து முப்பத்தொன்று. அவனுக்கு எழுநூற்றுச் சொச்சம். என் அம்மா சாராள் எனக்காகக் கேசரி கிளறினாள். கேசரி சாப்பிட வந்த கூட்டம் முழுக்கச் சித்தப்பா வீட்டு வாசலில் நின்றது. தன் கணக்குப் பேப்பரைத் திருத்திய வாத்தியார் எப்படித் தலையில் அடித்துக்கொண்டிருப்பார் என்று ஆல்வின் அங்கே நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். தட்டோடு நான் எங்கள் வாசலில் தனியாக நின்றேன். கேசரி நன்றாகத்தான் இருந்தது.

கல்லூரிக் கட்டணச் சலுகைக்கு முதல் பட்டதாரி சான்றிதழ் வேண்டும். மதுராந்தகம் தாலுகா ஆபீசுக்கு நான் மூன்று முறை போய்த் திரும்பினேன். நான்காவது முறை ஆல்வின் போனான். சாயங்காலம் சான்றிதழோடு வந்தான். அங்கிருந்த கிளார்க்குக்கு ரெண்டு பொண்ணு, மூத்தது கபடி ஆடுது என்கிற செய்தியையும் கொண்டுவந்தான். இந்தக் குடும்பத்தில் இவனுக்கு முன்னால் யாரும் பட்டம் பெறவில்லை என்று அரசாங்கம் எழுதிக் கொடுத்த அந்தத் தாளைக்கூட நான் அவன் கையிலிருந்துதான் வாங்கிக்கொண்டேன்.

கறுப்பு அங்கியோடு நான் எடுத்துக்கொண்ட பட்டமளிப்புப் படம் எங்கள் கூடத்தில் மாட்டியிருக்கிறது. அதே ஆணியில், படத்துக்குக் கீழே, ஒரு பஸ் டிக்கெட்டை பாலிதீன் உறையில் போட்டு அம்மா தொங்கவிட்டிருக்கிறாள். ஆல்வின் வேலைக்குச் சேர்ந்த நாளில் அவளுக்குக் கொடுத்த டிக்கெட். பெண்களுக்கான இலவச டிக்கெட், ரூபாயே போடாதது. அதற்கு ஒரு பாலிதீன் உறை.

அம்மாவுக்கு முழங்கால் வலி என்பது எனக்கு ஒரு வருடம் கழித்துத்தான் தெரியும். ஆல்வினுக்கு முதல் வாரமே தெரிந்திருக்கிறது. பஸ்ஸின் முதல் படியில் அவள் எந்தக் காலை வைக்கிறாள் என்பதைப் பார்த்துக் கண்டுபிடித்தானாம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனதும் அவன்தான்.

"எங்கிட்ட ஏம்மா சொல்லல?" என்று கேட்டேன்.

"நீ கம்பெனிக்குப் போயி வந்து அசந்துக்கினு கீற. உன்னிய எதுக்குப் பேஜாரு பண்றது" என்றாள்.

இப்படி இருந்த காலத்தில்தான் என் கல்யாணப் பேச்சு வந்தது.

எங்கள் பக்கத்தில் அண்ணன் இருக்கத் தம்பிக்குக் கல்யாணம் செய்ய மாட்டார்கள். பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை என்றாலும் கணக்கு ஒன்றுதான். ஏழு மாதமானாலும் மூத்தவன் மூத்தவன்தான். மூத்தவனே வாய் திறந்து, தம்பிக்கு முதலில் ஆகட்டும் என்று சொன்னால் நடக்கும். ஆனால் அப்படிச் சொன்னவனுக்கு என்ன குறை என்று அடுத்த நாளே ஊர் பேசும். அதனால் யாரும் சொல்வதில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆல்வின் எங்கள் வீட்டுக்கு வந்தான். துவைத்த காக்கிச் சட்டையைக் கொடியில் போட்டுக்கொண்டே பேசினான்.

"அண்ணா, எங்க மாமா உன்னிய கேக்கறாரு."

"இன்னாத்துக்கு?"

"இன்னாத்துக்குன்னா? பொண்ணு குடுக்கத்தான். டைல்ஸ் போடவா கூப்புடுவாரு?"

அம்மா சிரித்துவிட்டாள். அவன் மாமா கிருபாகரன் திருக்கழுக்குன்றத்தில் டைல்ஸ் மேஸ்திரி. அவன் அம்மாவான என் சித்தி வேண்டாவின் அண்ணன். அவர் மகள் ஜாக்குலின், மருந்தாளுநர் படிப்பு முடித்துவிட்டு மாமல்லபுரத்தில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். தாய்மாமன் மகள் என்பதால் ஆல்வினுக்கு முறைப்பெண். பெரியப்பா மகன் என்ற வகையில் எனக்கும் அதே முறை. சின்ன வயதில் எப்போதோ பார்த்ததோடு சரி.

"உன் முறைப்பொண்ணாச்சேடா" என்றேன்.

"உனுக்கும் முறைதான். நீ படிச்சவன், அவளும் படிச்சவ. சரியா இருக்கும்."

அன்றைக்கு அவன் கிண்டல் இல்லாமல் சொன்ன வார்த்தை அது ஒன்றுதான். நான் அதைக் கவனித்தேன். ஆனால் வேறு மாதிரி எடுத்துக்கொண்டேன். தனக்கு வேண்டாததை என் பக்கம் தள்ளிவிடுகிறான் என்று நினைத்தேன். பிறகு அவன் செல்போனில் அவள் படத்தைக் காட்டினான். நினைத்ததை மறந்துவிட்டேன். சர்ச் வாசலில் வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்கிற படம். அதை என் போனுக்கு அனுப்பச் சொல்லி வாங்கிக்கொண்டேன். அந்த வாரம் கேன்டீனில் சாப்பிட உட்கார்ந்தபோதெல்லாம் அதைத்தான் பார்த்தேன். எனக்கு இந்தப் பெண்தான் என்று முடிவு செய்துவிட்டேன்.

இப்போதெல்லாம் நேராக வீட்டுக்குப் போய்ப் பெண் பார்ப்பதில்லை. பிடிக்காமல் போனால் இரண்டு பக்கத்துக்கும் அவமானம், தெருவே பார்த்துவிடும். பொது இடத்தில் சுற்றிப் பார்க்க வந்தவர்கள் மாதிரி சந்தித்துக்கொள்வது. எங்களுக்கு மாமல்லபுரம் கடற்கரை என்று முடிவானது, ஒரு சனிக்கிழமை. கார் எடுக்கலாம் என்று நான் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை.

"ஆல்வின் வண்டி கீது. காரு எதுக்கு?"

"பொண்ணு பாக்கப் போறோம்மா."

"பொண்ணு டெய்லி அந்த வண்டியிலதான்டா போவுது."

அதனால்தான் கார் வேண்டும் என்றேன் என்பதை அவளிடம் எப்படிச் சொல்வது.

செங்கல்பட்டு பஸ் நிலையத்தில் நாங்கள் நான்கு பேர் நின்றோம். நைனா, அம்மா, சித்தி, நான். நான் நீலச் சட்டை, கறுப்பு ஷூ. வண்டி உள்ளே திரும்பும்போதே ஆல்வின் படியில் நின்றுகொண்டு எங்களைப் பார்த்துக் கையை ஆட்டினான். வண்டி நின்றதும் கூட்டம் முண்டியது. அவன் ஏற்கெனவே துண்டு போட்டு வைத்திருந்த இரண்டு சீட்டில் அம்மாவையும் சித்தியையும் உட்காரவைத்தான். நைனாவுக்கும் எனக்கும் பின்னால் இடம். நான் பர்சை எடுப்பதற்குள் டிக்கெட்டை என் கையில் வைத்தான்.

"காசு வாங்கிக்கடா."

"மாப்பிள்ளகிட்ட யாராவது காசு வாங்குவாங்களா. வெச்சிக்க" என்று சொல்லிவிட்டு முன்னால் போனான். வண்டியில் பாதிப் பேர் திரும்பி என்னைப் பார்த்தார்கள்.

என் வேலை குறை கண்டுபிடிப்பது. ஒரு பாகத்தைக் கையில் எடுத்தால் எங்கே பிசிறு, எங்கே கீறல் என்று என் கண் தானாகத் தேடும். அன்றைக்கு ஆல்வினைத்தான் எடுத்து வைத்துக்கொண்டேன். நிறுத்தமே இல்லாத இடத்தில் ஒரு கிழவிக்காக வண்டியை நிறுத்தினான். அது ஒன்று. படியில் தொங்கிய கல்லூரிப் பையன்களை, "உள்ள வாடா, உங்கம்மா இந்த வண்டியிலதான் சாயங்காலம் வருது, சொல்லிடுவேன்" என்று மிரட்டினான். கண்டக்டர் பேசும் பேச்சா அது. ஒரு மீன்கார அம்மாவைக் கூடையோடு ஏற்றிக்கொண்டு, கூடைக்குக் கீழே போட ஒரு பழைய பேனர் துணியைப் பின் சீட்டுக்கு அடியிலிருந்து உருவிக் கொடுத்தான். அரசு வண்டியில் அதற்கெல்லாம் இடம் உண்டா என்று தெரியவில்லை. மூன்று.

ஆனால் அந்தக் கிழவி இறங்கும்போது அவன் கன்னத்தைத் தொட்டுவிட்டுப் போனாள். அந்தப் பையன்கள் உள்ளே வந்தார்கள். மீன்கார அம்மா, "சாயந்தரம் வண்டி நீதானே ஆல்வினு?" என்று கேட்டுவைத்துக்கொண்டாள். நான்கு வருடமாகக் கம்பெனி பஸ்ஸில் போகிறேன். அதில் என் பெயர் தெரிந்தவர்கள் மூன்று பேர் இருப்பார்கள்.

திருக்கழுக்குன்றத்தில் அவர்கள் ஏறினார்கள். கிருபாகரன், அவர் மனைவி, ஜாக்குலின். படத்தில் பார்த்ததைவிட உயரம். மயில் நிறச் சேலை. நான் உடனே எழுந்தேன்.

"உக்காருங்க."

"பரவால்லங்க. நீங்க உக்காருங்க" என்றாள் மரியாதையாக. எனக்கு நிறைவாக இருந்தது. அந்த நிறைவு ஒரு நிமிடம்கூட நிற்கவில்லை, அவள் ஆல்வின் பக்கம் திரும்பிவிட்டாள்.

"யோவ் கண்டக்டரு, இன்னா இன்னிக்கி சட்டையெல்லாம் இஸ்திரி போட்டுக்கினு வந்துகீற? உன்னியா பாக்க வந்துகீறாங்க?"

"மெதுவா பேசு. மாப்பிள்ள வூட்டுக்காரங்க கீறாங்க. ஊமைப் பொண்ணுன்னு சொல்லி வெச்சிருக்கேன்."

"ஊமைப் பொண்ணு மருந்துக் கடையில எப்பிடி வேல செய்யும்?"

"டாக்டர் சீட்டைப் பாத்து மாத்திர எடுத்துக் குடுக்க வாய் எதுக்கு? உள்ள தள்ளி நில்லு, வழிய அடைச்சிக்கினு."

என் அம்மா சிரித்தாள். கிருபாகரனும் சிரித்தார். முறைப்பெண்ணும் முறைமாப்பிள்ளையும் கேலி செய்துகொள்வது வழக்கம்தான். அதில் தப்பாக எடுத்துக்கொள்ள ஒன்றுமில்லை என்று எனக்கும் தெரியும். என் அத்தை மகளோடு நானும் பேசியிருக்கிறேன். இருந்தாலும் என் காது இரண்டு சொல்லைத்தான் பிடித்துக்கொண்டது. எனக்கு 'ங்க'. அவனுக்கு 'யோவ்'.

கூட்டம் ஏறிவிட்டது. ஆல்வின் ஒரு கையால் டிக்கெட் மிஷினைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் தோளிலிருந்த பையைக் கழற்றினான். யாரையும் பார்க்காமல் நீட்டினான். ஜாக்குலின் வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டாள். அவளும் அவனைப் பார்க்கவில்லை, என் அம்மாவிடம் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அவன் வெறும் கையை நீட்டினான். அவள் பைக்குள் துழாவிப் பேனாவை எடுத்து அந்தக் கையில் வைத்தாள். பூஞ்சேரி வருகிறவரை நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். என்ன பார்த்தேன் என்று கேட்டால் தெரியாது.

மாமல்லபுரத்தில் இறங்கினோம். ஆல்வின் எங்களோடு வரவில்லை.

"இருவது நிமிஷம் டைம் கீதுல்ல, வாயேன்டா" என்று நைனா கூப்பிட்டார்.

"டிரைவரண்ணன் நாஸ்தா பண்ணல பெரிப்பா. கூட இருக்கணும். அப்பாலே ஒரு நடை போயிட்டு வரேன், அதுல ஏறிக்கங்க" என்றான். டிரைவர் அதற்குள் டீக்கடையில் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

கடற்கரையில் பெரியவர்கள் ஒரு நிழல் பார்த்து உட்கார்ந்து, அம்மா கட்டிக்கொண்டு வந்த புளிசாதத்தைப் பிரித்தார்கள். கிருபாகரன் என்னிடம், "தம்பி, பத்து நிமிஷம் பேசிட்டு வாங்க" என்றார். இதுவும் இப்போது வழக்கமாகிவிட்டது.

தண்ணீரை நோக்கி நடந்தோம். அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டாள்.

"ஷூவக் கழட்டிடுங்க. மண்ணு பூந்துடும்."

"பரவால்ல" என்றேன். இரண்டு எட்டு வைப்பதற்குள் மண் புகுந்துவிட்டது.

நான் கேள்விகளைத் தயார் செய்துகொண்டு வந்திருந்தேன். கல்யாணத்துக்குப் பிறகு வேலைக்குப் போக விருப்பமா, மறைமலைநகரில் வாடகைக்கு வீடு பார்த்தால் சம்மதமா, மேலே படிக்க ஆசை உண்டா. நல்ல கேள்விகள். வாயில் வந்தது வேறு.

"ஆல்வின் டெய்லி உங்களுக்கு சீட்டு போட்டு வெப்பானா?"

"இல்லீங்க. நான் நின்னுக்கினுதான் போவேன். பைய வெச்சிக்கினு."

"அவன் எல்லார்கிட்டயும் அப்படித்தான் பேசுவான்."

"தெரியும்."

"பிளஸ் டூவுல எழுநூறு மார்க்குதான்."

"தெரியும். வாத்தியாரு மாதிரி நடிச்சே காட்டியிருக்காரு." சிரித்தாள். எங்களுக்குள் பேச ஆரம்பித்தபின் அவள் சிரித்தது அப்போதுதான். அதுவும் அவன் விஷயத்துக்கு.

"வேலையும் இன்னும் பர்மனென்ட் இல்ல."

அவள் நின்றுவிட்டாள். "நீங்க என்னியப் பாக்க வந்தீங்களா, இல்ல ஆல்வின் மாமாவப் பத்தி விசாரிக்க வந்தீங்களா?"

எனக்குக் காது சுட்டது. ஆனால் இவ்வளவு கேட்டாகிவிட்டது. மிச்சத்தையும் கேட்டேன்.

"அவன் உங்களக் கட்டிக்கறேன்னு கேக்கவே இல்லியா?"

அலை வந்து அவள் கால்வரைக்கும் ஏறி, என் ஷூவையும் நனைத்துவிட்டுப் போனது. அவள் அவசரப்படாமல் சொன்னாள்.

"அத்த அவரக் கேட்டுச்சு. அண்ணன் இருக்கறப்ப எனக்கு இன்னா அவசரம்னுட்டாரு. எங்கப்பாவுக்கு பயம், எனக்கு இருவத்தஞ்சு முடிஞ்சிருச்சின்னு. அப்ப அண்ணனுக்கே குடுத்துடலாமேன்னாரு. அதுக்கும் ஆல்வின் மாமா சரின்னுட்டாரு."

"நீங்க?"

"என்னிய யாரு கேட்டா. இப்ப நீங்கதான் மொதல்ல கேக்கறீங்க."

"சரி, கேக்கறேன். சொல்லுங்க."

"உங்களப் புடிக்கலன்னு சொல்ல ஒண்ணும் இல்லீங்க. படிச்சிருக்கீங்க, நல்ல வேலை. கட்டிக் குடுத்தா நல்லபடியா இருப்பேன். ஒரு சண்ட கூட போட மாட்டேன்." செருப்பை மறு கைக்கு மாற்றிக்கொண்டாள். "அவருகூடன்னா போட்டிருப்பேன்."

பத்து நிமிடம் ஆகவில்லை. நாங்கள் திரும்பி வந்துவிட்டோம்.

ஆல்வின் வண்டி ஒரு நடை போய்த் திரும்பிவர இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரை மணி நேரத்தில் நான் என்ன நினைத்தேன் என்பதைச் சொல்லிவிடுகிறேன். அதை மறைத்தால் ஆல்வினைப் பற்றி எழுதியது பொய்யாகிவிடும்.

முதலில் சந்தோஷப்பட்டேன். சிறுவயதிலிருந்து அவனிடம் இருந்ததெல்லாம் கேட்காமலே அவனுக்குக் கிடைத்தது. என் அம்மா உட்பட. இப்போதுதான் முதல்முறையாக, அவன் ஆசைப்பட்ட ஒன்று என் கைக்கு வந்திருக்கிறது. நான் சரி என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். கல்யாணத்தில் அவன் ஓடி ஓடி நாற்காலி போடுவான், பந்தி பரிமாறுவான், எல்லோரையும் சிரிக்கவைப்பான். உள்ளுக்குள் என்ன என்பது எனக்கு மட்டும் தெரியும். நான் அவனைப் பார்ப்பேன். புளிசாதம் தொண்டையில் இனித்தது.

பிறகு வீட்டை நினைத்துப் பார்த்தேன். ஒரே சுவர். இந்தப் பக்கம் அவள் எனக்குச் சாப்பாடு போட்டு, தட்டை எடுத்து, இன்னும் கொஞ்சம் வேணுங்களா என்று கேட்பாள். அந்தப் பக்கம் அவன் ஏதாவது சொல்வான். அவளுக்கு ஒரு பதில் வாய்வரை வரும். அதை விழுங்கிக்கொண்டு எனக்கு ரசம் ஊற்றுவாள். எத்தனை வருடம். என்னோடு ஒரு சண்டைகூடப் போடாமல். அதை நினைத்ததும் தண்ணீர் பாட்டிலை எடுத்து முழுக்கக் குடித்தேன். வேறு யாரோடும் போட்டியிடலாம், என் வீட்டுக்குள்ளேயே தினமும் தோற்க முடியாது.

அந்த நேரத்தில் நைனாவும் கிருபாகரனும் கல்யாண மண்டபம்வரை பேசிவிட்டார்கள்.

வண்டி வந்தது. எல்லோரும் ஏறினோம். கூட்டம் குறைவு, ஒரே இடமாக உட்கார முடிந்தது. ஆல்வின் விசில் கொடுத்துவிட்டு எங்கள் பக்கம் வந்தான். யார் முகத்தையும் பார்க்காமல் மிஷினைத் தட்டிக்கொண்டிருந்தான். கிருபாகரன் தொண்டையைச் செருமினார்.

"தம்பி இன்னா சொல்றாருன்னு தெரிஞ்சா நல்லாயிருக்கும்."

"வூட்டுக்குப் போயி கலந்துக்கினு சொல்றோம் சம்பந்தி" என்றார் நைனா. சம்பந்தி என்றே சொல்லிவிட்டார்.

"நான் இப்பவே சொல்லிடறேன் நைனா" என்றேன். "எனக்கு இப்ப வேணாம். ஜாக்குலின ஆல்வினுக்குக் குடுங்க. அண்ணன் நான் சொல்றேன், அவனுக்கு மொதல்ல ஆவட்டும்."

நைனா என் தொடையைப் பிடித்து அழுத்தினார். "டேய், இன்னா பேசற? ஊரு இன்னா சொல்லும்? பெரியவனுக்கு இன்னா கொறன்னு கேக்க மாட்டாங்களா?"

"கேக்கட்டும்."

ஆல்வின் குனிந்து மெதுவாகச் சொன்னான். "அண்ணா, வெளாடாத. பெரியவங்க கீறாங்க."

"வெளாடல."

"உனுக்குப் புடிக்கலியா?"

"புடிச்சிருக்கு" என்றேன். பொய் சொல்ல மனசு வரவில்லை. "உனுக்கு மொதல்லயே புடிச்சிருக்கு இல்ல? இல்லன்னு சொல்லு, நான் கட்டிக்கறேன்."

ஆல்வின் வாயைத் திறந்தான். மூடினான். பிறந்ததிலிருந்து அவனைப் பார்க்கிறேன். அவனிடம் பதில் இல்லாமல் போனது அந்த ஒரு இடத்தில்தான். அந்தக் கலவரத்துக்கு நடுவிலும் எனக்கு அதில் ஒரு திருப்தி இருந்தது. ஜாக்குலின் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று தெரியவில்லை. சித்தி வேண்டா மட்டும் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அன்னிக்கே சொன்னேன், இவன்தான் அண்ணன் அண்ணன்னு" என்று யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தாள்.

பூஞ்சேரியில் ஏழெட்டுப் பேர் ஏறினார்கள். ஆல்வின் நின்ற இடத்திலேயே நின்றான். அடுத்த நிறுத்தத்தில் இன்னும் சிலர். பின்னாலிருந்து ஒருவர், "யோவ், டிக்கெட் குடுய்யா, செக்கிங் வந்தா உனக்குத்தான் ஆப்பு" என்று கத்தினார். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "ஆல்வினு, விசிலு கொடுக்கறியா, நானே போவட்டா?" என்றார். அவன் விசிலை வாயில் வைத்து, நிறுத்தச் சொல்லும் விசிலைக் கொடுத்தான். வண்டி நின்றது. யாரும் இறங்கவில்லை. பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்துவிட்டான். அவ்வளவுதான், பழைய ஆல்வின் வந்துவிட்டான்.

நைனா நான்கு நாள் என்னோடு பேசவில்லை. அம்மா ஐந்தாம் நாள் சாப்பாடு போடும்போது கேட்டாள்.

"இன்னாத்துக்குடா அப்பிடிச் சொன்ன? உனுக்குத்தான் அந்தப் பொண்ணு மேல ஆசையாச்சே."

"அவனுக்கு என்னவிட ஆச."

அம்மா என் தலையில் கையை வைத்துவிட்டு, இன்னொரு கரண்டி சோறு போட்டாள். ஆல்வின் ஒரு காலையில் குழாயடியில் என்னைப் பிடித்துக்கொண்டான். பல் விளக்கிக்கொண்டே பக்கத்தில் நின்றான்.

"மொதல்லியே எங்கிட்ட சொல்லியிருந்தா இன்னாடா?" என்று நான்தான் கேட்டேன்.

"அண்ணன் நீ இருக்கறப்ப எப்பிடிண்ணா சொல்றது?"

"அதுக்காக அவளக் கொண்டாந்து எனக்கே குடுப்பியா?"

"வேற யாருக்குண்ணா குடுக்கச் சொல்ற?" என்றான்.

எரிச்சலாக இருந்தது. நல்லவனாக இருப்பதிலும் என்னை முந்திவிட்டான்.

விஷயம் ஊரில் பரவியது. நைனா பயந்தபடியே சிலர் எனக்கு என்ன குறை என்று கேட்டார்கள், ஜாதகம் பார்க்கச் சொன்னவரும் உண்டு, நாங்கள் சர்ச்சுக்குப் போகிறவர்கள் என்று தெரிந்தே. ஆனால் நிறையப் பேர் வேறு மாதிரி பேசினார்கள். படிச்ச பையன்னா இப்பிடி இருக்கணும், தம்பிக்காக விட்டுக் குடுத்தான் பாரு என்றார்கள். கம்பெனி பஸ்ஸில்கூட யாரோ சொல்லி, இரண்டு பேர் வந்து கைகுலுக்கினார்கள். கிருபாகரன் மாமா எனக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கிக் கொடுத்தார். நான் எதையும் மறுக்கவில்லை. அது பெரிய மனசு இல்லை, பொறாமைதான் என்று யாரிடமும் சொல்லவில்லை. இங்கேதான் எழுதுகிறேன்.

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் விவாகம் நிச்சயிக்கப்பட்டிருக்கிறது, இதற்கு ஆட்சேபணை உள்ளவர்கள் தெரிவிக்கலாம் என்று போதகர் கேட்டுவிட்டுக் கொஞ்சம் நிறுத்துவார். முதல் ஞாயிறு ஆல்வினுக்கு டூட்டி. நானும் அம்மாவும் நைனாவும் முன் வரிசையில் உட்கார்ந்திருந்தோம். போதகர் பெயர்களை வாசித்தார். ஆட்சேபணை என்ற சொல்லைச் சொல்லி நிறுத்தினார்.

பாடகர் குழு, பின்னால் பாயில் உட்கார்ந்திருந்த பெண்கள், கதவோரம் நின்ற ஆட்கள், எல்லோரும் மூத்தவனைப் பார்க்கத் திரும்பினார்கள். போதகரும் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். நான் முதுகை நிமிர்த்திக்கொண்டேன். சட்டைக் காலரைச் சரி செய்துகொண்டேன். தலையை ஆட்டி ஒன்றுமில்லை என்று காட்டியிருந்தால் உடனே முடிந்திருக்கும்.

கொஞ்சம் தாமதித்துத்தான் ஆட்டினேன்.